பகையாளிக்கும் ஒரு யூனிட்

எங்கள் தெருவில் ரஷ்யாவுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான் இருந்தது. அப்பாவுக்குத் தெர்மலில் வேலை, அது ரஷ்யா. பக்கத்து வீட்டு மாமா மைன்ஸில் ஃபிட்டர், அது ஜெர்மனி. மரத்தின் வேர் அவர்கள் பக்கம், காய்க்கிற கிளை எங்கள் பக்கம். அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் அவ்வப்போது எல்லைத் தகராறு வரும். சாம்பார் கொதிப்பதற்குள் தீர்ந்தும் விடும்.

அறுபதுகளில் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உலக அரசியல் இவ்வளவுதான். ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் அப்பா எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிறாரோ அந்த நாட்டுக்குப் பிள்ளை பிரஜை. தெர்மல் வீட்டுப் பாடப் புத்தகங்களுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழத் தாளில் அட்டை போட்டிருக்கும். மைன்ஸ் வீட்டுச் சுவரில் ஜெர்மன் கம்பெனி காலண்டர் தொங்கும். கோலியில் தோற்றவன், “உங்க ரஷ்யாக்காரன் பாய்லர் எங்க கரி இல்லாட்டிப் பட்டினிடா” என்பான். “எங்க பாய்லர் இல்லாட்டி உங்க கரிய வச்சுப் பல்லு வெளக்குங்கடா” என்று பதில் போகும்.

நாடுகள் பகைத்துக்கொண்டால் கம்பெனிகள் கடையைக் கட்ட வேண்டுமா, தொடர்ந்து நடத்தலாமா என்று இப்போது தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தும்போதெல்லாம் அந்தக் கோலிக்குழி வாக்குவாதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்களைவிட நாங்கள் விஷயத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டோம்.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் நகரத்தை இரண்டாகப் பிரித்து முள்கம்பி இழுத்தார்கள்; பின்னால் சுவர் எழும்பியது. அதே ஆகஸ்டில்தான் நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போனவர்கள் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். தோண்டுவதற்கு வந்த ராட்சச இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியுடையவை. தோண்டியதை எரிக்கும் அனல்மின் நிலையம் சோவியத் யூனியனுடையது. 1962 மே மாதம் அதன் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. அங்கே சுவருக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு நின்றவர்கள், இங்கே ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரண்டு முனைகளில் நின்றார்கள்.

இதற்கு முன்னால் வந்தவர் வெள்ளைக்காரர். 1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது; அதுதான் எங்கள் ஊரின் தலபுராணம். அந்தக் கரியை எடுக்க முடியுமா, எப்படி எடுப்பது என்று ஐம்பதுகளின் நடுவில் ஆலோசனை சொன்னது லண்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின். ‘வெள்ளையனே வெளியேறு’ என்று சிறைக்குப் போனவர்கள் கோட்டையில் அமர்ந்து, ‘வெள்ளையரே, ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்’ என்று கேட்ட காலம் அது. அந்தக் கம்பெனியின் கதையும் வேடிக்கையானது. வேல்ஸில் அதற்கிருந்த நிலக்கரிச் சுரங்கங்களை 1947-இல் பிரிட்டிஷ் அரசே நாட்டுடைமையாக்கிவிட்டது. சொந்த நாட்டில் சுரங்கத்தை இழந்தவர்கள், தங்களிடமிருந்து விடுபட்ட நாட்டுக்குச் சுரங்க அறிவை விற்றார்கள். இதில் யார் யாருக்கு விரோதி என்று கணக்குப் போட ஆரம்பித்தால் ஜம்புலிங்க முதலியாரின் கிணறே தூர்ந்துபோயிருக்கும்.

1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அந்த வருஷக் கடைசியில் சோவியத் அரசு 50 கோடி ரூபிள் கடன் கொடுத்தது. ராஞ்சியின் கனரக இயந்திர ஆலை, கோர்பா சுரங்கம் ஆகியவற்றோடு நெய்வேலி தெர்மலும் அந்தப் பட்டியலில் இருந்தது. வட்டி 2.5 சதவீதம், 12 வருஷத் தவணை, ரூபாயிலேயே கட்டலாம். மந்தாரக்குப்பத்துச் சீட்டுக்காரர்கூட இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை என்று அப்பா சொல்வார்.

மாமாவின் வீட்டு வாசற்கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு இரும்புத் துண்டு கிடக்கும். பக்கெட் வீலின் பல். அந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மாடி வீட்டைவிட உயரமான சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள், ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் உருக்குப் பற்கள். சக்கரம் சுழன்றபடியே மண்சுவரைச் சீவும். வாளி மேலே போனதும் மண் பெல்ட்டில் கொட்டும். ஜெர்மனியில் மண் மெத்து மெத்தென்று இருக்குமாம். நெய்வேலியில் கரிக்கு மேலே படுத்திருப்பது கடலூர் மணற்பாறை. நிலவியல்காரர்கள் அப்படித்தான் பேர் வைத்திருக்கிறார்கள். அது ஜெர்மன் பற்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. மாமா கொண்டுவந்த பல், குளியலறையில் மாசக் கடைசிச் சோப்பு மாதிரி ஒரு பக்கம் வழிந்து தேய்ந்திருக்கும். வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகுதான் சக்கரத்தை விட முடிந்தது. பல்லின் உருவத்தையும் உலோகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். எங்கள் ஃபிட்டர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். “அவன் கொண்டாந்தது மிஷினு, நம்ம குடுத்தது புத்தி” என்று மாமா சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். வெறும் மிகை என்று தள்ள மாட்டேன்.

ரஷ்யர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். மெயின் பஜாரில் விரல்விட்டு விலை பேசுவார்கள். பண்ருட்டிப் பலா சீசனில் ஒரு ரஷ்யப் பெண்மணி முழுப் பழத்தையும் வாங்கிக் கொண்டுபோய் வெறுங்கையால் பிளந்து, பால் ஒட்டிக்கொண்டு விரலைப் பிரிக்க முடியாமல் நின்றதைப் பார்த்து அம்மாதான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினாள். முதலில் கைக்கு, பிறகு கத்திக்கு, அப்புறம்தான் பழத்துக்கு என்று சைகையிலேயே பாடம் நடந்தது. மறுவருஷம் மாமா வீட்டுக்கு வந்த ஜெர்மன்காரருக்கும் அதே பாடம், அதே கிண்ணம். எங்கள் நாட்டின் அணிசேராக் கொள்கை நடைமுறையில் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் நான் பஞ்சசீலத்தைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்வேன்.

அந்த 1962-இல் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? அக்டோபரில் சீனாவுடன் யுத்தம். சோவியத் யூனியன், சீனா சகோதரன், இந்தியா நண்பன் என்று சொல்லிச் சமாளித்தது. சகோதரனா நண்பனா என்றால் யார் பக்கம் என்று அப்பாவுக்குத் தெரியும். இருந்தாலும் வேலை நின்றதாக அவர் சொன்னதில்லை. நவம்பரில் நேட்டோ நாடுகள் கூடி, ரஷ்யாவுக்குப் பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்களை விற்கக் கூடாது என்று முடிவெடுத்தன. எண்ணெய்க் குழாய் போட ரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்திருந்த மான்னஸ்மான், ஹோஷ் போன்ற மேற்கு ஜெர்மன் கம்பெனிகளின் ஆர்டர்களை ஆடனாவர் அரசு முடக்கியது. சொந்த நாட்டில் தயாரான குழாயை ரஷ்யனுக்குக் கொடுக்கக் கூடாது. சொந்த நாட்டில் செய்த சக்கரம் நெய்வேலியில் ரஷ்ய பாய்லருக்குத் தீனி போடலாம். சட்டத்தில் ஓட்டை இருந்தது என்று சொல்ல மாட்டேன். விற்ற இடம் இந்தியா, அவ்வளவுதான்.

பிறகு அந்தக் குழாய் விஷயம் என்னவாயிற்று என்று பாருங்கள். 1970 பிப்ரவரியில் அதே மேற்கு ஜெர்மனி, அதே மான்னஸ்மான், அதே சோவியத் யூனியன்: நீ எரிவாயு கொடு, நான் குழாய் தருகிறேன் என்று எஸன் நகரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருஷம்தான் எங்கள் தெர்மலின் கடைசி 100 மெகாவாட் யூனிட் முடிந்து மொத்தம் 600 மெகாவாட் ஆனது. எட்டே வருஷத்தில் தேசத்துரோகம் ராஜதந்திரமாகிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் பால்டிக் கடலடியில் நார்டு ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்துச் சிதறியபோது, திரும்பவும் அது துரோகமாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு பாய்லரின் ஆயுளுக்குள் பகையும் உறவும் இப்படி மூன்று தடவை இடம் மாறிக்கொள்கின்றன. தெர்மலின் முதல் யூனிட் ஓடியது 1962-இல், நிலையத்தை மூடியது 2020 செப்டம்பர் 30-இல். நடுவில் அதைக் கட்டிய நாடே காணாமல் போய்விட்டது. சங்கு மட்டும் நேரத்துக்கு ஊதிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தெர்மல் வந்தபோது கூட்டணி இன்னும் விசித்திரம். கம்யூனிஸ்ட் ஹங்கேரியின் பாய்லர், நேட்டோ இத்தாலியின் டர்பைன். ஹங்கேரிக்காரன் நீராவி கொடுக்க, இத்தாலிக்காரன் சுற்ற, கரண்ட் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், கேரளம், பாண்டிச்சேரி என்று பிரிந்துபோகும். முதல் தெர்மலின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு. இரண்டாவதில் எல்லோருக்கும் பங்கு. இந்தப் பங்குதான் பின்னால் வம்பாயிற்று.

அதற்கு முன் அந்த 1991 டிசம்பர். மாத நடுவில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அம்மா வழி உறவினர் ஒருவர் துணிப்பையோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மாதக் கடைசியில் மாஸ்கோவில் செங்கொடி இறங்கியது. அப்பா அப்போது ரிட்டையராகும் வயதில் இருந்தார். வீட்டுக்கு வந்த தெர்மல் நண்பர்கள் இரண்டு சேதியையும் ஒரே காபியில் கலந்து குடித்தார்கள். ஒருவர், “இனிமே ஸ்பேருக்கு எவன்கிட்ட எழுதறது? பதினஞ்சு நாடாப் போயிட்டானே” என்றார். உறவினர் மெதுவாக, “பெங்களூருக்கு இன்னமும் உங்க கரண்ட் போகுதா?” என்று கேட்டார். “போகாம?” என்றார் அப்பா. உறவினர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனார், அதே பெங்களூருக்கு. கடை இருந்தது அங்கேதான்.

ஸ்பேர் கவலை வீண் போகவில்லை. தொண்ணூறுகள் முழுக்கத் தெர்மலுக்கு ஆயுள் நீட்டிப்பு வேலை நடந்தது. எவனுடன் வியாபாரம் செய்கிறாய் என்பதைவிட, அவன் போன பிறகு அந்தப் பொருளை யார் பழுதுபார்ப்பார் என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான். அரசியல் அறிக்கைகளில் இந்தக் கேள்வி வருவதேயில்லை.

2002 அக்டோபர் 12. காவிரியில் தண்ணீர் விடாத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் எதற்கு என்று தமிழ்த் திரையுலகமே எங்கள் ஊருக்கு வந்தது. பாரதிராஜா முன்னே நின்றார். நடிகர் சங்கத் தலைவர் விஜயகாந்த், கமல் என்று திரையில் மட்டுமே பார்த்த முகங்கள் எங்கள் ரவுண்டானாக்களில் வெயிலில் நின்றன. ரஜினி வரவில்லை, மறுநாள் சென்னை சேப்பாக்கத்தில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். வந்தவர்களைப் பார்க்கவும் வராதவரைப் பற்றிப் பேசவும் சுற்றுவட்டாரமே திரண்டிருந்தது. காவிரிக்காக வந்தவர்கள் எத்தனை பேர், நட்சத்திரங்களுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வது நியாயமில்லை. நானே இரண்டுக்காகவும்தான் போனேன்.

கோரிக்கையில் நியாயம் இருந்தது. டெல்டா காய்ந்து கிடந்தது. உச்ச நீதிமன்றம் சொல்லியும் கர்நாடகம் தண்ணீரை நிறுத்தியிருந்தது. ‘நீ தண்ணீரை நிறுத்தினால் நான் விளக்கை நிறுத்துவேன்’ என்பதைவிட எளிய நீதி வேறென்ன? ஆனால் கூட்டத்தில் நின்றிருந்த தெர்மல்காரர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர் காதோரமாகச் சொன்னார்: “சார், எந்த யூனிட் எவ்வளவு லோடு ஓட்டணும்னு நமக்கு ஆர்டர் எங்கேருந்து வருதுன்னு இவங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

தென்மண்டல மின் அனுப்புகை மையம் பெங்களூரில் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் கிராஸ் ரோடு. தென் மாநிலங்களின் மின் நிலையங்களுக்கு இடையில் யார் எவ்வளவு உற்பத்தி செய்வது, யார் எவ்வளவு எடுப்பது என்று அட்டவணை போடுவது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள். ‘பகை ராஜ்யத்துக்கு மின்சாரம் அனுப்பாதே’ என்ற உத்தரவைக்கூட அந்த ராஜ்யத்தின் தலைநகரில் உள்ள மேஜையிலிருந்துதான் வாங்க வேண்டும். அதோடு, கம்பியில் ஏறிய மின்சாரம் விலாசம் பார்த்துப் போவதில்லை. பக்கத்தில் எங்கே இழுக்கிறார்களோ அங்கே போய்விடும். ஓசூருக்குப் போவது நெய்வேலி கரண்ட், ஆனேக்கல்லுக்குப் போவது ராய்ச்சூர் கரண்ட் என்று யாரும் சாயம் பூசி அனுப்ப முடியாது. பங்கு என்பது கணக்குப் புத்தகத்தில்தான்.

கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மேடையில் யாரும் திறக்கவில்லை. நெய்வேலி மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பணம் பாக்கி வைப்பதில் தமிழ்நாடும் கர்நாடகமும் எந்தக் காலத்திலும் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன. தமிழ்நாட்டு மின்வாரியத்தின் பாக்கி கோடிக்கணக்கில் ஏறியதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி படித்திருக்கிறேன். சொந்தக்காரனே கடன் சொல்லும்போது பகையாளியை மட்டும் எப்படிக் கடையிலிருந்து இறக்குவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்காக அன்று கூடிய ஊரில், சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடாமல் இருக்க நிலத்தடியிலிருந்து இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்காவிட்டால் கரி இல்லை. காவிரியில் வராத தண்ணீர் எங்கள் காலடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருந்தது. முழக்கம் முடிந்து மைக் அணைந்ததும் பம்ப் சத்தம் கேட்டது. கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை, விஜயகாந்தின் கார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுக் கே.பி.என். பேருந்துகள் வரிசையாக நின்ற இடத்திலேயே எரிந்தன. பிறகு சேலத்திலிருந்து பெங்களூருக்குப் பேருந்துகள் மறுபடி ஓடின. ஏறினவர்களும் இரண்டு மொழிக்காரர்கள். 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மறுபடி நெய்வேலியில் முற்றுகை. எரிந்த பேருந்தின் முதலாளி நினைத்தால் அந்தத் தடத்தையே விட்டுவிடலாம். விட்டால் அந்த இருக்கையில் நாளைக்கு வேறொருவன் ஆள் ஏற்றுவான். கொள்கைக்காக வெளியேறுகிறோம் என்கிற கம்பெனிகளின் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அங்கே அவர்களுக்கு லாபம் எவ்வளவு மிச்சமிருந்தது என்பதைத்தான். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

என் தம்பி மகன் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். 2022 தீபாவளிக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னான்: “பெரியப்பா, உக்ரைன் விஷயத்துக்கு அப்புறம் எங்க கம்பெனி ரஷ்யா கிளையன்ட் எல்லாத்தையும் விட்டுட்டோம். வேல்யூஸ் முக்கியம்னு சி.இ.ஓ. மெயில் போட்டாரு.”

“நல்லதுப்பா. அந்தக் கிளையன்ட் எல்லாம் இப்ப என்ன பண்றாங்க?”

“துபாய்ல ஆபீஸ் போட்டிருக்காங்க.”

“அவங்களுக்கு யாரு வேலை பார்க்கறது?”

கொஞ்சம் யோசித்தான். “எங்க துபாய் டீம்.”

அவனைக் கிண்டல் செய்து என்ன? பெரிய கம்பெனிகள் செய்ததும் அதுதானே. சீமென்ஸ் ஏறக்குறைய 170 வருஷம் ரஷ்யாவில் இருந்துவிட்டு 2022 மே மாதம் கிளம்புவதாக அறிவித்தது. ஜார் மன்னனைப் பார்த்தது, போல்ஷெவிக்குகளைப் பார்த்தது, ஹிட்லர் யுத்தத்தைப் பார்த்தது. அப்போதெல்லாம் எழாத மனசாட்சி இப்போது எழுந்தது என்றால் எழட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரெனோ தன் பங்கை ஒரே ஒரு ரூபிளுக்குக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷத்துக்குள் வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தையும் எழுதிக்கொண்டது. கோபித்துக்கொண்டு போகிறவன் செருப்பை வாசலிலேயே விட்டுப்போகிற கதை. மெக்டொனால்ட்ஸ் கடைகள் முதலாளியையும் பெயர்ப்பலகையையும் மாற்றிக்கொண்டு ஜூன் மாதமே திறந்துவிட்டன.

நாமும் யோக்கியமில்லை. 2022-க்கு முன் நாம் வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. விலை குறைவு. ரூபாயில் வியாபாரம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் வழி திறந்ததும் பழைய ஆட்களுக்குப் பழைய காலம் ஞாபகம் வந்தது. அப்போது ரஷ்யன் தெர்மல் கடனுக்கு ரூபாய் வாங்கி, அந்த ரூபாயில் நம்மிடமே தேயிலை, தோல், பனியன் என்று வாங்கிக் கப்பலேற்றினான். இப்போது என்ன ஆயிற்று? 2023 மே மாதம் கோவாவில் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் எங்கள் பணம் பல நூறு கோடி ரூபாயாகக் கிடக்கிறது, செலவழிக்க வழியில்லை என்று புலம்பினார். அன்று அவன் நமக்கு பாய்லர் கொடுத்தான், நாம் தேயிலை கொடுத்தோம். இன்று அவன் எண்ணெய் கொடுக்கிறான், திருப்பிக் கொடுக்க நம்மிடம் அவனுக்கு வேண்டிய சரக்கு போதவில்லை. வியாபாரத்தில் நட்பு இருந்தால் மட்டும் போதாது, சரக்கும் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தேயிலைக்காரர்கள் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

சீன விஷயம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் எல்லையோர நாடுகளின் முதலீட்டுக்கு முன்னனுமதி கட்டாயம் என்றார்கள். ஜூனில் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. ஜூலையில் மின்துறைக் கருவிகளை அங்கிருந்து தருவிப்பதற்கும் அனுமதி, சோதனை. எல்லாம் சரி. காவிரிக் கரையில் மேட்டூரில் 600 மெகாவாட் யூனிட் ஒன்று நிற்கிறது. இயந்திரங்கள் சீனாவின் டாங்ஃபாங் கம்பெனியுடையவை. டிக்டாக்கை விரலால் அழித்துவிடலாம். டர்பைனை? அது அங்கேயேதான் நிற்கும். அதன் பல் தேய்ந்தால் சீனா பக்கம் பார்த்துத்தான் கடிதம் எழுத வேண்டும், அல்லது எங்கள் மைன்ஸ் ஃபிட்டர்கள் செய்த மாதிரி நாமே புதுப் பல் செய்யக் கற்க வேண்டும்.

2025 ஜூலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். குஜராத்தில் இருக்கும் நயாரா எண்ணெய் நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின் கீழ் இருக்கிற கம்பெனியில் மின்னஞ்சல் திறக்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாளில் சேவை திரும்பி வந்தது. எங்கள் ரஷ்யர்கள் பாய்லரைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்துப் போனார்கள். இப்போது விற்கிறவன் சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு விற்கிறான். என்னைக் கேட்டால் பகை நாட்டோடும் வியாபாரம் செய்யலாம். விளக்கும் உரமும் மருந்தும் எவனுக்கும் விற்கலாம், வாங்கலாம். துப்பாக்கி வேண்டாம். தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய எதையும் நண்பனிடமிருந்தும் வாங்க வேண்டாம்.

‘பகை மண்’ என்று எங்கோ தேடுகிறவர்கள் எங்கள் ஊரிலிருந்தே சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்திருக்கலாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியாகிவிட்டது என்றது எங்கள் சுரங்க நிறுவனம். பயிர் இப்போதுதானே நிற்கிறது என்றார்கள் விவசாயிகள். இரண்டு நாளில் ஆர்ச் கேட் முன்னால் பாட்டாளி மக்கள் கட்சிப் போராட்டம், கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. அந்த வயலில் நின்றவருக்கு அந்நிய நாட்டுக் கம்பெனி எது, சொந்த நாட்டுக் கம்பெனி எது என்று விளக்கப் போனால் அடி விழுந்திருக்கும்.

அந்த வருஷம் செப்டம்பரில் மகளைப் பார்க்க பெங்களூர் போயிருந்தேன். 26-ஆம் தேதி காவிரிக்காக பந்த். ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடியில் கீழே இறங்க வழியில்லை. லிஃப்ட் மட்டும் ஜோராக ஓடியது. கீழ்த்தளத்தில் குடியிருப்பின் செயலாளர், கர்நாடக மின்வாரியத்தில் இருந்து ரிட்டையரானவர், தண்ணீர் டேங்கர் வருமா வராதா என்று வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காவிரிக்காக ஊரே அடைத்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குக் காவிரி இன்னும் வந்தபாடில்லை. நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“நெய்வேலியா சார்! உங்க யூனிட் ட்ரிப் ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு போன் வரும். எத்தனை வருஷம் தூக்கம் கெடுத்திருக்கீங்க தெரியுமா?”

மன்னிப்புக் கேட்பதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல் சிரித்துவைத்தேன். அவரே தொடர்ந்தார்: “ரெண்டாயிரத்து ரெண்டுல உங்க சினிமாக்காரங்க வந்து கரண்ட்ட நிறுத்துன்னாங்களே, அன்னிக்கு எங்க ஆபீஸ்ல ஒரே பயம்.”

“பெங்களூர் இருட்டாயிடும்னா?”

“அது இல்ல சார். சப்ளை ஓடுற வரைக்கும்தான் பாக்கி வைக்க முடியும். நிறுத்திட்டா கணக்கு முடிக்கச் சொல்லுவீங்களே!”